இடப்பக்கம் நகர்ந்த குரல்

பாடகி முதலில் நடுவில்தான் இருந்தாள். காரின் முன்பக்கம் தொங்கும் செபமாலைக்கு நேர் கீழே, டேஷ்போர்டின் மத்தியில். ஒன்பது வருடப் பழைய கார், கம்பெனியே மாட்டிக் கொடுத்த சாதாரண ஸ்பீக்கர்கள். ஆனாலும் அந்தப் பழைய சினிமாப் பாட்டைப் போட்டால் அவள் அங்கே வந்து நின்று பாடுவாள். இரண்டு கதவுகளிலிருந்தும் ஒரே அளவு சத்தம் வந்தால் குரல் நடுவில் இருப்பதுபோலக் காதுக்குத் தோன்றும், அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்தும், அவள் அங்கே நிற்கிறாள் என்றே நினைத்துக்கொள்வேன்.

எப்போது நகர ஆரம்பித்தாள் என்று தெரியாது. நான் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, எட்டயபுரத்தில் இருக்கும் என் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஊரைத் தாண்டி வண்டி ஒரு சீராக ஓடத் தொடங்கியதும் பாட்டைப் போட்டேன். பாடகி இடது பக்கம் ஒதுங்கி, என் மனைவியின் முழங்காலுக்கு முன்னால் நின்று பாடினாள்.

"வலது ஸ்பீக்கர் போயிட்டு," என்றேன்.

"எனக்கு ரெண்டும் கேக்கே."

"ஒனக்கு என்ன தெரியும்? உப்புக்காத்து அரிச்சிருக்கும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூத்துக்குடியில் எதற்கும் உப்புக்காற்றைக் கைகாட்டலாம். ஜன்னல் கம்பி இற்றுப்போனாலும், மிக்ஸி நின்றுபோனாலும், புது மருமகன் வேலையை விட்டுவிட்டு வந்தாலும் உப்புக்காற்றுதான். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நானே அதை முழுதாக நம்பவில்லை. ஏனென்றால், பல மாதங்களாக என் வலது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நான் துறைமுகத்தில் ஒரு டக்கில் எஞ்சினியர். பெரிய கப்பல் உள்ளே வரும்போது அதைக் கயிறு கட்டி இழுத்தும், முட்டித் தள்ளியும் கரையோடு சேர்க்கிற சின்னப் படகுதான் டக். படகு சின்னது, எஞ்சின் பெரியது. கீழே எஞ்சின் ரூமில் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறேன். காதுக்கு மூடி கொடுப்பார்கள், போட்டுக்கொள்வோம். ஆனால் ஒரு பம்போ பேரிங்கோ சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து அழுத்திக் கேட்போம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது மாதிரி. அதற்கு ஒரு பக்க மூடியைத் தூக்க வேண்டும். நான் வலதுகைக்காரன். இருபத்திரண்டு வருடமும் நான் தூக்கியது வலதுபக்க மூடியைத்தான்.

இதையெல்லாம் அன்று யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். யோசித்ததால்தான் அன்று சாயங்காலமே ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'கார் ஆடியோ' என்று எழுதினேன்.

அடுத்த இரண்டு மாதம் அந்த நோட்டோடுதான் குடித்தனம். டிக்கியில் பெட்டி வைத்து, சிக்னலில் பக்கத்து வண்டியின் கண்ணாடியை அதிர வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். நாள் முழுக்க எஞ்சின் அதிர்விலேயே நிற்கிறவனுக்கு வீட்டுக்குப் போகும் வழியிலும் அதுவா வேண்டும்? எனக்கு வேண்டியது குரல். மூச்சு இழுப்பது கேட்க வேண்டும், வயலினும் புல்லாங்குழலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே, பாடகி பழைய இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். முன்கதவுகளுக்கு மட்டும் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. கீச்சுக்குரலுக்குத் தனியாகச் சின்ன ட்வீட்டர்கள், கண்ணாடி ஓரத் தூணில். தகரம் அதிராமல் இருக்கக் கதவுக்குள் ஒட்டுகிற ஷீட். சத்தத்தைப் பெருக்க ஒரு சின்ன ஆம்ப். ட்வீட்டரை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்பதற்கு மட்டும் நான்கு பக்கம் படம் போட்டிருந்தேன்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப்போற அன்னைக்குக்கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டிய," என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூட டீச்சர். நோட்டைக் கண்டாலே சிவப்பு மையில் திருத்த அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

"யோசிச்சிருந்தா வந்திருக்க மாட்டேன்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அது நடந்தது காரில். காரில் மட்டும் நாங்கள் சண்டை போடுவதில்லை. வீட்டில் அவள் அடுப்படியிலிருந்து ஏதாவது சொல்வாள், நான் "என்ன? வாய்க்குள்ளயே பேசுத" என்று எரிந்து விழுவேன், அவள் இரண்டாம் முறை சொல்லும்போது குரல் ஏறியிருக்கும், அப்புறம் சோறு ஆறும். எங்கள் தெருவே சத்தமாகப் பேசுகிற தெரு. ஆட்களில் பாதிப் பேர் சங்கு குளிக்கப் போனவர்கள், காதில் தண்ணீர் அழுத்தி அழுத்திச் செவிப்பறை கிழிந்தவர்கள். அந்தக் கூச்சலுக்குள் நான் ஒருவன் கூடுதலாகக் கத்துவது யாருக்கும் தெரியவில்லை. வீட்டுச் சண்டைக்கு ஃபேன் சத்தத்தையும் குக்கரையும் காரணம் சொன்னேன். எங்கள் சமாதானத்துக்குக் காரணம் கார் என்று நினைத்தேன்.

திட்டம் போடுவதில் ஒரு வசதி இருந்தது. திட்டம் முடியாதவரைக்கும் குற்றவாளி ஸ்பீக்கர்தான். கடைக்குப் போய்க் கழற்றிப் பார்த்துவிட்டால், ஸ்பீக்கர் நிரபராதி என்று ஆகிவிடலாம். அதனால் ஒவ்வொரு வாரமும் நோட்டில் ஒரு புதுச் சந்தேகத்தை எழுதி, அது தீர்ந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கோழைத்தனமாக அவ்வளவு உழைத்தது கிடையாது.

இதற்கு நடுவில்தான் பம்பு விஷயம் நடந்தது.

எங்கள் டக்கில் ஒரு கிரீசர் அண்ணாச்சி உண்டு. எண்ணெய் போட்டு, துடைத்து, எஞ்சினைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். என்னைவிட மூத்தவர், இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. ஒரு காலை அவர் என் தோளைத் தட்டி, கடல்தண்ணீர் பம்பைக் காட்டினார். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும்.

"சார், சத்தம் சரியில்ல. கீச்சு கீச்சுங்கு."

நான் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியை வலது காதில் வைத்தேன். பம்பின் கனத்த உறுமல் மட்டும் கேட்டது. அதற்கு மேலே, கீச்சு இருக்க வேண்டிய இடத்தில், என் சில்வண்டு. ஒரு கணம் தயங்கினேன். இடது காதில் வைத்துக் கேட்டிருக்கலாம். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் காது மாற்றிக் காது வைத்துக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எஞ்சின் ரூமில் எல்லாருக்கும் தெரியும்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஓடட்டும்," என்றேன்.

மூன்றாம் நாள், ஒரு நிலக்கரிக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் நின்று, கப்பல் மோதிவிடாமல் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்தப் பம்பு இறுகி நின்றது. அலாரம் அடித்தது. எஞ்சின் சூடு ஏறுவதைப் பார்த்தபடியே மாற்றுப் பம்பைப் போட்டோம். அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் எஞ்சின் நின்றிருந்தால் கப்பலுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் நாங்கள் எலுமிச்சம்பழம். மேலே கயிற்றுப் பக்கம் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே நடந்தது எதுவும் தெரியாது. ஒருவன் பாடிக்கொண்டுகூட இருந்திருப்பான்.

லாக் புத்தகத்தில் 'பம்பு பேரிங் திடீரென்று பழுது' என்று எழுதினேன். 'திடீரென்று' எழுதும்போது அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இந்த வருட மருத்துவப் பரிசோதனையில் காதுக்கும் மெஷின் வைத்துப் பார்ப்பார்களாம். அதற்கு முன்னெல்லாம் டாக்டர் பின்னால் நின்று "நல்லா கேக்குதா?" என்று கேட்பார், நாம் "கேக்கு சார்" என்போம், முடிந்தது. பதில் சொன்னதே தேர்ச்சி. பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நான் அந்தக் காகிதத்தை மடித்துக் கார் ஆடியோ நோட்டுக்குள் வைத்தேன். அதற்கு மேல் தள்ளிப்போட என்னால் முடியவில்லை. தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை. ஸ்பீக்கர்தான் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று கிடந்தேன். ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளையூரணிப் பக்கம் இருக்கும் கடைக்கு வண்டியை விட்டேன்.

தகரக் கொட்டகைதான். கடைக்காரருக்கு என் வயது இருக்கும், நிதானமான ஆள், மிகவும் மெதுவாகப் பேசினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். ட்வீட்டர் படங்கள் வந்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"அண்ணாச்சி, புதுசு வாங்குறதுக்கு முந்தி பழசுல என்ன கோளாறுன்னு பாத்திருவோம்," என்றார்.

மைக் ஒன்றை என் தலை இருக்கும் உயரத்தில் வைத்து அளந்தார். கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓடின. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரிதான் என்றார். நான் மெஷினை நம்பவில்லை. உடனே அவர் வலது கதவின் ஸ்பீக்கரைக் கழற்றி இடது கதவிலும், இடதை வலதிலும் மாட்டினார். ஸ்பீக்கர்தான் கோளாறு என்றால் பாடகி இப்போது வலது பக்கம் வந்தாக வேண்டும். பாட்டைப் போட்டார். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள், இடது பக்கம்.

"வயரா இருக்கும்," என்றேன். "உப்புக்காத்து," என்றும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் ஒரு விசித்திரமான காரியம் செய்யச் சொன்னார்.

"சீட்ல அப்படியே முட்டிபோட்டு, பின்பக்கமா திரும்புங்க. திரும்பி, கண்ண மூடிட்டுக் கேளுங்க."

ஐம்பதை நெருங்குகிற ஆள், ஓட்டுநர் சீட்டில் முழங்கால் போட்டு, தலைசாய்க்கிற மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினேன். ரோட்டில் போன டவுன் பஸ்ஸிலிருந்து யாரோ பார்த்தார்கள். கண்ணை மூடினேன். பாட்டு ஆரம்பித்தது.

பாடகி என்னோடு திரும்பியிருந்தாள். மனைவியின் பக்கம் இருந்தவள் இப்போது என் கதவுப் பக்கம் நின்று பாடினாள். என் இடது காது எங்கே போனதோ அங்கே.

கோளாறு காரில் இருந்தால் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் காரில் இருந்த இடத்திலேயே இருந்திருப்பாள். இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை. நான் அப்படியே முட்டிபோட்டபடி இருந்தேன். திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"எங்க வேல பாக்கிய?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"டக்குல. எஞ்சின் ரூம்."

"ம்," என்றார். பிறகு, இன்னும் மெதுவாக, "வேணும்னா நான் சரிபண்ணித் தாரேன். ஒங்க காதுக்குத் தக்கன வலது பக்கத்தத் தூக்கி, இடது பக்கத்த இறக்கி வைக்கலாம். குரல் நடுவுக்கு வந்திரும்."

சும்மா கேட்டுப் பார்ப்பதற்காக ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கிச் செய்தும் காட்டினார். நேராக உட்கார்ந்து கேட்டேன். பாடகி மெல்ல மெல்ல நகர்ந்து, செபமாலைக்கு நேர் கீழே வந்து நின்றாள். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. இரண்டு மாதமாக நான் படம் போட்டுப் படம் போட்டுக் கேட்டது இதைத்தான். இப்படியே வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கார் சரியாகிவிடும். ஆனால் பம்புக்கு வலது பக்கத்தைத் தூக்கி வைக்க எந்தக் கடையிலும் ஆள் கிடையாது. கயிற்றுப் பக்கம் நின்ற அந்த நான்கு பேரின் முகமும் வரிசையாக வந்தது.

"கழட்டிருங்க. அப்புறம் வாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பம்பையும் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு வருசமா நான் எதுக்கு ஒங்க இடதுகைப் பக்கமாவே நடக்கேன்னு நினைச்சிய? கட்டில்ல எதுக்குப் பக்கம் மாறிப் படுத்தேன்?"

"ஃபேன் காத்து அந்தப் பக்கம் நல்லா வருதுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"தெரிஞ்சிருந்தா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

"பயம்," என்றாள். "சொல்லிட்டா, அது நெசமாயிரும்லா."

காரில் நாங்கள் ஏன் சண்டை போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே அவள் எப்போதும் எனக்கு இடது பக்கம்.

திங்கட்கிழமை டக்கின் கேப்டனிடம் போனேன். 'திடீரென்று' என்று எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் லாக் புத்தகத்தை மூடி வைத்தார். பரிசோதனை முடிகிறவரை பேரிங் எதையும் கிரீசர் அண்ணாச்சி கேட்டுச் சொல்லட்டும் என்றார். கீழே இறங்கிப் போய் ஸ்க்ரூ டிரைவரை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு அது என்னவோ போல இருந்தது.

பரிசோதனை நாள் மனைவியும் லீவு போட்டுக் கூட வந்தாள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் இடது காது. கீச்சும் கனமுமாக ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் அழுத்தினேன். இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவு. எஞ்சின்காரனுக்கு இடைவெளி தானாக மனதில் பதிந்துவிடும். வலது காதுக்கு அந்த அளவிலேயே குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டு போகலாம், பாதியாவது தேறும் என்று கட்டைவிரலுக்குத் தெரிந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டால் மட்டும் திரும்ப எடுத்து அழுத்துவது என்று.

வலது காதில் கனமான சத்தங்கள் மூன்று நான்கு கேட்டன. அழுத்தினேன். அப்புறம் ஒன்றுமில்லை. மெஷினில் ஏதோ மாற்றுகிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். கதவைத் திறந்து, வெளியே மெஷினை இயக்கிக்கொண்டிருந்த பெண் உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏம்மா, மெஷின் நின்னுட்டா? மிச்சம் எப்ப?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிட்டு சார்," என்றாள்.

எஞ்சின் ரூமுக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்தாள். நான் காகிதத்தை நீட்டினேன். அவள் அதை வாங்காமல், சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து நின்றாள்.

இப்போது கரையில், பட்டறை ஸ்டோரில் இருக்கிறேன். பேரிங்குகள் அங்கே டப்பாவுக்குள் சத்தமில்லாமல் இருக்கின்றன. கார் வேலையையும் முடித்துவிட்டேன். நோட்டில் போட்ட படத்தின்படி ஸ்பீக்கர், ட்வீட்டர், கதவுக்கு ஷீட், சின்ன ஆம்ப். கடைசியில் கடைக்காரர், "யாரு காதுக்குத் தக்கன வைக்கட்டும்?" என்று கேட்டார். யார் காதுக்கும் வேண்டாம், உள்ளபடி வையுங்கள் என்றேன். மூச்சும் வயலினும் அருமையாகக் கேட்கின்றன. பாடகி மட்டும் இடது பக்கம், மனைவியின் முழங்காலுக்கு முன்னால்.

பரிசோதித்த டாக்டர் ஒன்று சொன்னார். வலது காதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது, இடது காதையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால் தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் அந்தப் பாட்டைப் போட்டு, கண்ணை மூடி, அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்கிறேன். இடது காதும் மங்கத் தொடங்கினால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். அப்போது அவள் மெல்ல மெல்ல நகர்ந்து, செபமாலைக்கு நேர் கீழே வந்து நிற்பாள். அவள் நடுவுக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்புகிறேன்.